அண்ணாச்சி வீட்டு மூணடி டிஷ்

போன ஐப்பசியில் மளிகைக்கடை அண்ணாச்சி கூப்பிட்டார். "தம்பி, நாலு தூத்தல் விழுந்தாலே படம் நின்னு போகுது. பெரிய டிஷ்ஷா மாட்டிவிடு." அவர் மாடியில் இருந்தது 60 செ.மீ. டிஷ்; எங்கள் பேச்சில் ரெண்டடி. தூர்தர்ஷனின் இலவசச் சேவையான ஃப்ரீ டிஷ்ஷுக்காக, 93.5 டிகிரி கிழக்கில் இருக்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளைப் பார்த்தபடி நின்றது. அதைக் கழற்றிவிட்டு 90 செ.மீ., அதாவது மூணடி, மாட்டினேன். தூறலுக்கு அப்புறம் படம் நிற்கவில்லை. கொட்டுகிற மழைக்கு இதுவும் தாங்காது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

விட்டம் ஒன்றரை மடங்கானால் பரப்பு இரண்டேகால் மடங்கு. வாங்குகிற சிக்னலும் அதே இரண்டேகால் மடங்கு, டெசிபலில் சுமார் 3.5. விட்டத்தை இரட்டித்தால் 6. இதுவரை எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும்.

டிஷ் பெருக்கப் பெருக்க அதன் பார்வை குறுகும் என்பதைத்தான் மறந்துவிடுகிறோம். அலைநீளத்தை 70ஆல் பெருக்கி, விட்டத்தால் வகுத்தால் பார்வையின் அகலம் டிகிரியில் கிடைக்கும். இந்த வீட்டு டிஷ்கள் வாங்கும் கேயூ பேண்ட் அலைவரிசையில், 12 கிகாஹெர்ட்ஸில், அலைநீளம் 2.5 செ.மீ. அப்படியானால் ரெண்டடிக்கு ஏறக்குறைய 3 டிகிரி, மூணடிக்கு 2. கையை நீட்டிக் கட்டைவிரலை வானத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். அந்த அகலம்தான் 2 டிகிரி.

தொண்ணூறுகளில் கேபிள் கன்ட்ரோல் ரூம் மாடிகளில் நின்ற 12 அடி டிஷ் நினைவிருக்கிறதா? அது சி பேண்ட் என்ற வேறு அலைவரிசைக்கானது. 4 கிகாஹெர்ட்ஸ், அலை மூன்று மடங்கு நீளம், அதனால் அதே கூர்மைக்கு மூன்று மடங்கு விட்டம் வேண்டும். ஆனால் நீளமான அலைக்கு வலைக்கம்பியே போதும், காற்று அதற்குள் புகுந்து போய்விடும். நம்முடையது தகடு.

ஆடி வந்தது. எங்கள் திருநெல்வேலிப் பக்கம் ஆடிக்காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அண்ணாச்சி மறுபடி போன் செய்தார், மழையே இல்லாமல் படம் போய்விட்டதாம். போய்ப் பார்த்தால் செட்டாப் பாக்ஸ் காட்டும் சிக்னல் அளவில் ஸ்ட்ரெங்த் பாதிக்கு மேல் நிற்கிறது, குவாலிட்டி பூஜ்யம். ஸ்ட்ரெங்த் கண்ட இரைச்சலையும் சேர்த்துக் காட்டும், அதை நம்பக்கூடாது. பக்கத்திலேயே 95 டிகிரியில் வேறொரு செயற்கைக்கோள் இருக்கிறது, அதன் சிக்னலும் இதில் சேரும் என்பதையும் மறக்கக்கூடாது.

தப்பு என்னுடையது. ரெண்டடிக்கு வைத்த பழைய பைப்பிலேயே மூணடியை மாட்டியிருந்தேன். காற்று பிடிக்கிற பரப்பும் இரண்டேகால் மடங்கு ஆயிற்றே! பைப் தாங்காமல் டிஷ் விலகிவிட்டது. இரண்டு டிஷ்ஷும் ஒன்றரை டிகிரி விலகினால், கணக்குப்படி பெரியது சின்னதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் வாங்கும். 90 செ.மீ. தகட்டில் ஒன்றரை டிகிரி என்பது மேல் விளிம்பு ஒன்றேகால் சென்டிமீட்டர் பின்னால் சாய்வது, அவ்வளவுதான். சுண்டுவிரல் தடிமன்.

கனமான ஜிஐ பைப் வாங்கி, தளத்தில் அடித்தட்டு வைத்து நான்கு போல்ட் இறக்கி, இரண்டு பக்கம் முட்டுக்கம்பி கொடுத்தேன். குவாலிட்டி உச்சத்துக்கு வந்ததும் நட்டுகளை ஒன்று மாற்றி ஒன்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். ஒரே நட்டை முழுசாக இறுக்கினால் அந்த இறுக்கத்திலேயே டிஷ் திரும்பிவிடும். கூலி வாங்கவில்லை.

போன வாரம் அந்தப் பக்கம் போனபோது மாடியைப் பார்த்தேன். புதுப் பைப்பில் துணிக்கொடி கட்டி, ஈரப் போர்வை காயப்போட்டிருந்தார்கள். அக்காவிடம் சொல்லிவிட்டு, கொடியை அவிழ்த்துத் தண்ணீர்த்தொட்டிப் பக்கம் கட்டிவிட்டு வந்தேன்.