மெஷின் நின்றால் முதலில் நூலைப் பாருங்கள்

சித்திரைத் திருவிழா நெருங்கும் வாரங்களில், மதுரையில் வீட்டோடு தையல் வேலை செய்பவர்களுக்கு மெஷின் பழுதைவிடப் பெரிய கவலை வேறில்லை. கள்ளழகருக்கு நேர்ந்துகொண்டு திரி எடுப்பவர்களுக்கும் தண்ணீர் பீய்ச்சுபவர்களுக்கும் தைக்கிற சல்லடமும் (அரைக்கால் சட்டை) கச்சையும் (இடுப்புக்கட்டு) உருமாவும் (தலைப்பாகை), அழகர் வைகையில் இறங்கும் சித்ரா பௌர்ணமிக்கு முன்பே அவரவர் கைக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். அந்தக் காலையைத் தவறவிட்ட உடுப்பு இன்னோர் ஆண்டு பெட்டியில்தான் கிடக்கும் என்பதால், மெஷின் ரிப்பேர் என்று நேர்த்திக்காரர்களிடம் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. பழுதை நான் எதிர்கொள்ளும் விதத்தை, என்னைப் போல் வீட்டில் தைக்கும் பெண்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

செல்லூரில் எங்கள் வீட்டின் முன்னறைதான் பட்டறை. ஒரு பவர் மெஷின், துணி ஓரம் பிரியாமல் அடிக்கும் ஓர் ஓவர்லாக் மெஷின், என் மாமனார் விட்டுச்சென்ற கால்மிதி மெஷின் ஆகியவை அங்கே இருக்கின்றன. மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபத்தில், தூண்களுக்கு நடுவே மெஷின் போட்டுத் தைத்த தையல்காரர்களுள் மாமனாரும் ஒருவர். அந்தக் கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. அங்கே அவர் கற்ற ஒழுங்கு எங்கள் வீட்டில் அப்படியே இருக்கிறது. "மொதல்ல நூலப் பாரும்மா, அப்புறம் ஊசியப் பாரு, மெஷினக் கடைசியாப் பாரு" என்பார். மெஷின் மக்கர் செய்தவுடன் கை தானாக ஸ்க்ரூ டிரைவரைத் தேடும். ஆனால் கண்டபடி திருகிவிட்டால், முன்பு இருந்த கோளாறோடு திருகியதால் வந்த கோளாறும் சேர்ந்துகொள்ளும். பிறகு எது எதனால் வந்தது என்று மெக்கானிக்காலும் எளிதில் பிரித்துச் சொல்ல முடியாது.

துணியின் அடிப்பக்கத்தில் நூல் கொத்துக் கொத்தாகச் சிக்கினால் பெரும்பாலோர் அடிநூல் சுற்றிய பாபினைத்தான் குறை சொல்வார்கள். அநேகமாக அதற்குக் காரணம் மேல்நூல். மேல்நூலுக்கு இறுக்கம் கொடுக்கும் இரண்டு வட்டத் தகடுகள், துணியை அழுத்திப் பிடிக்கும் பாதமான பிரஷர் பூட்டைத் தூக்கினால் விலகும். இறக்கினால் ஒன்றையொன்று அழுத்திக்கொள்ளும். பூட்டை இறக்கி வைத்துக்கொண்டே நூல் கோத்தால், நூல் அந்தத் தகடுகளுக்கிடையில் போய் உட்காராது. பிடிப்பில்லாத நூல் தேவைக்கு மேல் கீழே இறங்கி, அடியில் நூலைப் பிடித்துத் தையல் போடும் ஷட்டிலைச் சுற்றி முடிச்சாகும். ஆகையால் பூட்டைத் தூக்கிவிட்டு, நூல்கண்டிலிருந்து ஊசிக்கண் வரை முழுவதையும் உருவிவிட்டு மறுபடி கோர்ப்பதே நான் முதலில் செய்யும் காரியம். அதன் பிறகும் சரியாகவில்லை என்றால் மட்டுமே பாபின் கேஸை வெளியே எடுக்கிறேன். அதை அதன் நூலிலேயே தொங்கவிட்டு மணிக்கட்டை லேசாக உதறினால், சிறிது இறங்கி நிற்க வேண்டும். கடகடவென்று கீழே போனாலும், அசையாமல் தொங்கினாலும் அதன் சிறு திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பினால் போதும். கீழே விழுந்து விளிம்பு நசுங்கிய பாபினைச் சிக்கனம் கருதி வைத்துக்கொள்ளக் கூடாது. அது கேஸுக்குள் சீராகச் சுற்றாது.

அடுத்து ஊசி. தையல் விட்டு விட்டு விழுந்தாலும், நூல் அறுந்துகொண்டே இருந்தாலும், சாட்டின் துணியில் இழை இழுபட்டுக் கோடு விழுந்தாலும், புது ஊசி போட்டுப் பார்க்காமல் வேறெதையும் தொடாதீர்கள். வெல்வெட், கேன்வாஸ், ஜரிகை பார்டர் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக வரும் உருமாவில் 11-ஆம் நம்பர் ஊசி வளைந்துவிடும். அதற்கு 16 அல்லது 18 வேண்டும். அதே தடித்த ஊசியைச் சாட்டினில் இறக்கினால் துளை தெரியும். கடையில் கேட்கும்போது மெஷினையும் சொல்லிக் கேட்க வேண்டும்: வீட்டு மெஷினின் ஹெச்.ஏ. ஊசிக்குத் தண்டின் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். பவர் மெஷினின் டி.பி. ஊசிக்குத் தண்டு முழு வட்டம். தட்டையான பக்கம் இல்லாததால் டி.பி. ஊசியைத் திசை மாற்றி மாட்டிவிடுவது எளிது. நூல் எந்தப் பக்கத்திலிருந்து ஊசிக்கண்ணுக்குள் நுழைகிறதோ, அந்தப் பக்கம் ஊசியின் நீண்ட பள்ளம் இருக்க வேண்டும் என்பதை நினைவில் வைத்தால் போதும்.

ஊசி உடைந்தால், மற்றதெல்லாம் நிற்கட்டும், உடைந்த துண்டுகள் முழுவதும் கிடைக்கும் வரை மெஷினை ஓட்டக் கூடாது. நேர்த்திக்கடன் உடுப்புகளில் பல சின்னஞ்சிறு பிள்ளைகளுக்குத் தைப்பவை. வெல்வெட்டின் மடிப்புக்குள் ஊசி முனை ஒன்று தங்கிவிட்டால் என்னவாகும் என்பதை எண்ணிப் பார்க்கவே முடியவில்லை. பனியன், ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் உடைந்த துண்டுகளைச் சேர்த்து ஒப்படைத்தால்தான் புது ஊசி தருவார்கள் என்று ஒரு நடைமுறை உண்டு. வீட்டுப் பட்டறைக்கும் அது பொருந்தும். துண்டுகளை நோட்டில் செலோ டேப்பால் ஒட்டி முழு ஊசியாகிறதா என்று பார்க்கிறேன். குறைந்தால் காந்தத்தைத் துணிமேலும் தரையிலும் ஷட்டிலைச் சுற்றியும் ஓட்டுகிறேன். ஷட்டிலுக்குள் கிடக்கும் முனை, அடுத்த தையலிலேயே அதன் கொக்கியைச் சேதப்படுத்தும் என்பதும் ஒரு காரணம்.

வெல்வெட் தைக்கும் காலத்தில் தினமும் மாலையில் ஊசிக்குக் கீழே உள்ள தகட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும். உதிரும் பஞ்சும் எண்ணெயும் கலந்து, துணியை நகர்த்தும் பற்களுக்கு அடியில் கம்பளித் துண்டு போல இறுகிவிடும். பற்கள் உயர்ந்து துணியைப் பிடிக்க முடியாமல், ஒரே இடத்தில் தையல் குவியும். பழைய பல் விளக்கும் பிரஷ் இதற்குப் போதும். வாயால் ஊதினால் பஞ்சு உள்ளேதான் போகும். எண்ணெய் விஷயத்தில் நான் கண்டிப்பானவள். அவசரத்துக்குத் தேங்காய் எண்ணெய் விடுவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். அது நாளடைவில் பசையாகி மெஷினை இறுக்கிவிடும். அப்படி இறுகியதை இளக்க மண்ணெண்ணெய் விட்டால், அதைத் துடைத்துவிட்டு மெஷின் ஆயில் கட்டாயம் விட வேண்டும். பவர் மெஷினின் தலையில் உள்ள சிறு கண்ணாடியில், ஓடும்போது எண்ணெய் தெறிப்பது தெரிய வேண்டும். அது தெரியவில்லை என்றால் அந்த நொடியே நிறுத்திவிட்டுத் தொட்டியைப் பாருங்கள்.

மோட்டார் பகுதி வேறு வகை. எங்கள் பவர் மெஷினில் இருப்பது கிளட்ச் மோட்டார். சுவிட்சைப் போட்டால், தைக்காத நேரத்திலும் ஓடிக்கொண்டிருக்கும். சர்வோ மோட்டார் மிதிக்கும்போது மட்டுமே ஓடுவதால் மின்சாரம் மிச்சமாகும் என்றாலும், அதன் கட்டுப்பாட்டுப் பெட்டி மின்னழுத்த ஏற்ற இறக்கத்தைத் தாங்காது. வீட்டு மின்சாரம் 230 வோல்ட் என்பது கணக்கு; கோடை மாலையில் தெருவெங்கும் ஏசி ஓடத் தொடங்கியதும் அது இறங்குகிறது, மோட்டார் சூடாகிறது. ஆதலால் தடித்த துணி வேலைகளைக் காலையிலேயே முடித்துக்கொள்கிறேன். மோட்டார் சுற்றாமல் உறுமினால் பெரும்பாலும் கெப்பாசிட்டர் போயிருக்கும். சுவிட்சை அணைக்காமல் விட்டால் மோட்டாரின் கம்பிச்சுருள் எரிந்துவிடும். அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதால் அதில் கை வைக்காமல் எலக்ட்ரீஷியனை அழையுங்கள். கரண்ட் போனதும் எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்துவிட்டுக் கால்மிதி மெஷினுக்கு மாறிவிடுவேன். அதற்கு வேண்டியது ஒரு தோல் பெல்ட் மட்டுமே. தளர்ந்தால் ஒரு சென்டிமீட்டர் வெட்டிக் கம்பியை மறுபடி மாட்டினால் வேலை நடக்கும்.

இவ்வளவும் பார்த்த பின்னரும் தையல் விழவில்லை என்றால், ஷட்டிலின் டைமிங் தவறியிருக்கலாம். ஊசி அடிமட்டத்தைத் தொட்டு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் மேலெழும் தருணத்தில், ஷட்டிலின் கூர்முனை ஊசிக்கண்ணுக்குச் சற்று மேலே வந்து நூல் வளையத்தைப் பிடிக்க வேண்டும். கையால் சக்கரத்தைச் சுற்றி இதைக் கண்ணால் பார்க்கலாம். ஆனால் திருத்துவது மெக்கானிக்கின் வேலை. அவரிடம் "ஓடல" என்று மட்டும் சொல்லாமல், எந்தத் துணியில், எந்த ஊசியில், எவ்வளவு நேரம் ஓடிய பின் நின்றது என்று சொல்கிறேன். தவறாய் விழுந்த தையல் துணியையும் எடுத்துவைக்கிறேன். "இப்படிச் சொன்னா பாதி வேலை முடிஞ்சிருச்சுக்கா" என்பார் எங்கள் மெக்கானிக் தம்பி. அவர் வரும் வரை வெட்டு வேலை, ஜரிகையைக் கையால் ஓட்டுவது, கொக்கி தைப்பது என்று ஒவ்வொருவர் துணிக்கட்டும் நகர்ந்துகொண்டிருக்கும்.

ஓவர்லாக் மெஷினில் மட்டும் நூல் கோர்ப்பதற்கு மேல் நான் எதையும் தொடுவதே இல்லை. அதில் அடியில் நூலைச் சுழற்றிக் கொடுக்கும் கொக்கிகளான லூப்பர்களுள் கீழ் லூப்பரின் நூல் அறுந்தால், ஊசி நூலையும் உருவிவிட்டு, லூப்பர்களை முதலில் கோத்து, ஊசியைக் கடைசியாகக் கோர்க்க வேண்டும். இல்லையென்றால் மறுபடி அறுந்துகொண்டே இருக்கும். நூல் நிறம் மாற்றும்போது பழைய நூலின் முனையில் புது நூலை முடிந்து இழுத்துவிட்டால், லூப்பர்களின் நூல்வழி மாறாமல் இருக்கும். முடிச்சு ஊசிக்கண்ணில் நுழையாது என்பதால், ஊசிக்கு முன் வெட்டிக் கோத்துக்கொள்ள வேண்டும். அதன் கத்திகளைத் தீட்டவும், லூப்பர்களைச் சரிபார்க்கவும் பங்குனி பிறந்ததுமே மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுகிறேன். பங்குனி பாதிக்கு மேல் அவர் கடையிலும் மெஷின்கள் வரிசையில் நிற்கும்.