இதை யார் உங்களுக்குச் சொன்னது?

கர்ப்பப்பை இறங்குவது, இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் கசிவது, மலம் கழித்த பிறகும் கழியாதது போலவே இருப்பது: இந்த அவஸ்தைகளை எந்த ஸ்கேனும் முழுதாகச் சொல்லிவிடாது. இறக்கம் எவ்வளவு என்பதைச் சென்டிமீட்டரில் அளந்துவிடலாம். 1996 முதல் அதற்கென்று பாப்-க்யூ என்ற முறையே இருக்கிறது. ஆனால் அந்த இறக்கத்தோடு ஒரு பெண் எப்படிப் பொழுதை ஓட்டுகிறாள் என்பதை அவளைக் கேட்டால்தான் தெரியும். அதற்காகத்தான் வினாப்பட்டியல்கள். பிசியோதெரபிஸ்டாக நான் வேலை பார்க்கும் மகளிர் பிரிவில் அப்படியொரு பட்டியலைத் தமிழாக்கிச் சரிபார்க்கும் குழுவில் இருந்தேன்.

நாங்கள் எடுத்துக்கொண்டது இடுப்புத் தளக் கோளாறுகளின் தொந்தரவை அளக்கும் பி.எஃப்.டி.ஐ.-20. அமெரிக்க மருத்துவர் மாத்யூ பார்பரும் அவருடைய குழுவினரும் 2001-ல் வெளியிட்ட நீண்ட பட்டியலை 2005-ல் 20 கேள்விகளாகச் சுருக்கினார்கள். இறக்கம் பற்றி 6, மலக்குடல் பற்றி 8, சிறுநீர் பற்றி 6. ஒவ்வொரு கேள்வியிலும் முதலில் உண்டா இல்லையா என்பது. உண்டென்றால் எவ்வளவு தொந்தரவு என்று 1 முதல் 4 வரை. ஒவ்வொரு பிரிவின் சராசரியையும் 25-ஆல் பெருக்கிக் கூட்டினால் மொத்தம் 300-க்கு மதிப்பெண் வரும்.

இருவர் தனித்தனியாகத் தமிழாக்குவது, இரண்டையும் ஒன்றாக்குவது, மூலத்தைப் பார்த்திராத வேறு இருவரிடம் கொடுத்து மறுபடி ஆங்கிலத்துக்குத் திருப்புவது, பிறகு குழுவாக உட்கார்ந்து ஒப்பிடுவது. பொறுமை வேண்டுமே தவிர இதெல்லாம் போட்டு வைத்த பாதை. சிக்கல் குழுக் கூட்டத்தில்தான் வந்தது. சிறுநீர் கழிக்கவோ முடிக்கவோ, பிறப்புறுப்பில் புடைத்திருப்பதை விரலால் மேலே தள்ள வேண்டியிருக்கிறதா என்று ஒரு கேள்வி. “இதை எடுத்துவிடலாம். நம் ஊர்ப் பெண்கள் முகம் சுளிப்பார்கள், அடுத்த கேள்விக்கும் பதில் வராது” என்றார்கள் சிலர். எனக்குக் கோபமே வந்தது. இறக்கம் முற்றிய பெண்களில் பலர் அன்றாடம் செய்கிற காரியம் அது. அதைக் கேட்காமல் விட்டுவிட்டு வேறு எதைக் கேட்கப்போகிறோம்? அவர்கள் முகம் சுளிப்பார்களா என்பதை அவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று வாதாடினேன். கேள்வி தங்கியது.

அடுத்த கட்டம், ஒவ்வொரு கேள்வியையும் சொல்லி, “உங்களுக்கு இது எப்படிப் புரிந்தது?” என்று பெண்களையே விசாரிப்பது. மூலப் பட்டியல், ஒரு பெண் தனியாக உட்கார்ந்து பேனாவால் தானே நிரப்புவதற்காகச் செய்யப்பட்டது. எங்களிடம் வருகிறவர்களில் பலர், “நீங்களே படித்துவிடுங்கள் அம்மா” என்பார்கள். படித்தால் பக்கத்தில் மாமியாரோ மகளோ இருப்பார். கணவர் வாசலில் நிற்பார். அந்த நேரத்தில் வரும் பதில் ஒன்றுதான்: “அதெல்லாம் இல்லை.”

ஐந்து பிள்ளை பெற்ற ஒரு விவசாயக் கூலித் தொழிலாளி. துணைக்கு வந்த மருமகளை மாத்திரை வாங்க அனுப்பிவிட்டுத் திரையை இழுத்துவிட்டு, அந்தக் கேள்வியைப் படித்தேன். அவர் முகம் சுளிக்கவில்லை. முந்தானை நுனியை விரலில் சுற்றியபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “இதை யார் உங்களுக்குச் சொன்னது?” என்றார். யாரும் சொல்லவில்லை, தாளிலேயே அச்சடித்திருக்கிறது என்று காட்டினேன். “அப்படியானால் வேறு பெண்களும் இப்படித்தான் செய்கிறார்களா?” கடைசிப் பிள்ளை பிறந்த நாளிலிருந்து, உலகத்தில் தான் ஒருத்திதான் இப்படி என்று நினைத்திருந்தாராம். எழுதப் படிக்கத் தெரியாத அவர் அந்தத் தாளை வாங்கி, நான் காட்டிய வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டார்.

இதிலிருந்து நான் எதிர்பார்க்காத ஒரு கணக்குப் பிரச்சினை கிளம்பியது. பட்டியல் நம்பத்தக்கதா என்று பார்க்க, நோய் மாறாத பெண்களிடம் சுமார் இரண்டு வாரம் கழித்து அதே கேள்விகளை மறுபடி கேட்பார்கள். இரண்டு முறையும் மதிப்பெண்கள் நெருக்கமாக வர வேண்டும். எங்களுக்கோ சிலரிடம் இரண்டாம் முறை மதிப்பெண் ஏறி வந்தது. ஏற்றத்தை வைத்து, நோய் முற்றியிருக்கும், இவர்களைக் கணக்கிலிருந்து நீக்கிவிடலாம் என்றார் புள்ளியியல் பார்த்தவர். ஆனால் “போன முறைக்கும் இப்போதைக்கும் உங்கள் பிரச்சினை மாறியிருக்கிறதா?” என்று தனியாகவும் கேட்டிருந்தோம். “பிரச்சினை அப்படியேதான் இருக்கிறது. நீங்கள் கேட்ட பிறகு கவனிக்கிறேன்” என்று ஒருவர் சொன்னார். முதல் முறை ‘இல்லை’ என்று போனது இரண்டாம் முறை ‘உண்டு’ என்று வந்ததற்குக் காரணம் அதுதான். அவர்களை நீக்க நான் ஒப்பவில்லை. மதிப்பெண் ஒத்துப்போகாத இடங்களை அப்படியே அறிக்கையில் எழுதினோம். எண்கள் சற்று அழகு குறைந்தன, அதனால் என்ன?

‘தொந்தரவு’ என்ற அளவுகோலும் அப்படித்தான் ஆட்டம் காட்டியது. பரிசோதனையில் இறக்கம் மூன்றாம் நிலை. தொந்தரவு எவ்வளவு என்றால் “பெரிதாக ஒன்றுமில்லை”. பேச்சுக்கொடுத்தால், களை பறிக்கக் குந்த முடியாததால் வேலைக்குப் போவதையே விட்டுவிட்டது தெரியவரும். வேலையோடு தொந்தரவும் நின்றுவிட்டது, கூலியும் நின்றுவிட்டது. மூலத்தின் கேள்விகளை நம் விருப்பத்துக்கு மாற்ற முடியாது. மாற்றினால் பிற நாட்டு மதிப்பெண்களோடு ஒப்பிட முடியாமல் போகும். அதனால் இதன் துணைப் பட்டியலான பி.எஃப்.ஐ.க்யூ.-7-ஐயும் சேர்த்துக் கேட்டோம். வீட்டு வேலை முடிகிறதா, அரை மணி நேரத்துக்கு மேல் காரிலோ பஸ்ஸிலோ போக முடிகிறதா என்றெல்லாம் அதில் வரும். அதற்கும் “நான் எங்கே போகிறேன்?” என்று பதில் வந்தால் அங்கேயே நின்று, போக வேண்டிய தேவை இல்லையா, போக முடியவில்லையா என்று கேட்க வேண்டியிருந்தது.

நேபாளத்தில் கர்ப்பப்பை இறக்கத்தைப் பெண்களின் உரிமைப் பிரச்சினையாகவே பார்த்து 2008-ல் உச்ச நீதிமன்றம் அரசுக்கு உத்தரவிட்டது. இங்கே அது இன்னும் ‘வயசானால் வருவது’ என்ற கணக்கில் கிடக்கிறது. முப்பது வயதில் வந்தவர்களைத் தினமும் பார்க்கிறேன்.

தமிழ்ப் பட்டியலின் முதல் பக்கத்தில், கேட்பவருக்கென்று ஒரு குறிப்பைக் குழு ஒருமனதாகச் சேர்த்தது. கேட்பவர் பெண்ணாக இருக்க வேண்டும். துணைக்கு வந்தவர் வெளியே காத்திருக்க வேண்டும். ‘இல்லை’ என்ற பதிலுக்கு உடனே டிக் போட்டு அடுத்த கேள்விக்குத் தாவக் கூடாது. இனி, இறங்கிய கர்ப்பப்பையைத் தாங்கிப் பிடிக்கும் பெசரி வளையம் பொருத்திக்கொண்டவர்களிடமும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடமும் இதே கேள்விகளைக் கேட்டு, மதிப்பெண் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். அதற்குக் கதவு உள்ள அறை ஒன்று வேண்டுமென்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். அறை கிடைக்கும் வரை, புறநோயாளிக் கூட்டம் கலைந்த பிறகு, மதியம் இரண்டு மணிக்கு மேல் ஒவ்வொருவராக வரச் சொல்லிக் கேட்கிறோம்.