கார்டு நம்பர் எங்கள் ஃப்ளோருக்கு வராமல் நிறுத்திய கதை

பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கால் சென்டரில் டெலிபோனி வேலை பார்க்கிறேன். இங்கிலாந்து வாடிக்கையாளர்கள் போன் செய்து, பில் கட்ட கார்டு நம்பரை வாயால் சொல்வார்கள். எங்கள் ஏஜென்ட்டுகள் கேட்டு டைப் செய்வார்கள். ஏஜென்ட்டுகளில் பலர் ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி தாண்டி கம்பெனி வண்டியில் வருகிறவர்கள். உள்ளே நுழையும் முன் செல்போன், பேனா, காகிதம் எல்லாம் லாக்கருக்குப் போய்விடும். பத்து வருடம் நேர்மையாக உழைத்தவரையும் தினமும் வாசலில் நிறுத்திச் சோதிப்பது எனக்கு எப்போதுமே உறுத்தும்.

இந்தக் கெடுபிடிக்குக் காரணம் உண்டு. நம் ஊர் கார்டில் ஓடிபி மாதிரி இரண்டாவது பூட்டு ஒன்று இருக்கும். இங்கிலாந்தில் போன் வழியாகக் கட்டும் பணத்துக்கு அந்தப் பூட்டு கட்டாயமில்லை. கார்டு நம்பர், காலாவதி தேதி, பின்னால் இருக்கும் மூன்று இலக்கம் தெரிந்தால் போதும், பணத்தை எடுத்துவிடலாம்.

கார்டு விவரங்களைக் கையாளும் கம்பெனிகளுக்கான பாதுகாப்பு விதிகள் பிசிஐ டிஎஸ்எஸ். அவற்றின் 3.2.1 பதிப்பு 2024 மார்ச் 31-ஓடு முடிந்துவிட்டதால், அந்த வருட ஆடிட் 4.0 பதிப்பின்படி நடந்தது. ஆடிட்டர் வந்த இரண்டாம் நாள், அழைப்பு ரெக்கார்டிங்குகளில் சிலவற்றை அவரே பொறுக்கி எடுத்துப் போடச் சொன்னார். ஒன்றில் அந்த மூன்று இலக்கம் தெளிவாகக் கேட்டது. பணம் அனுமதியான பிறகு அதை எங்கேயும் வைத்திருக்கக் கூடாது. என்கிரிப்ட் செய்து வைத்தாலும் குற்றம்தான்.

எங்களிடம் அப்போது இருந்த ஏற்பாடு, ஏஜென்ட் எஃப்9 அழுத்தினால் ரெக்கார்டிங் நிற்கும், மறுபடி அழுத்தினால் ஓடும் என்பது. அந்த அழைப்பை எடுத்த அக்காவுக்கு மெமோ கொடுத்தார்கள். கேன்டீனில் என்னிடம் கேட்டார்: "தம்பி, அந்தம்மா நான் கேக்கறதுக்கு முன்னாடியே மடமடன்னு சொல்லிட்டாங்க. நான் எஃப்9-ஐ அமுக்குவேனா, அவங்க வாயைப் பொத்துவேனா?" அந்த அழைப்பின் லாகைப் (கணினிப் பதிவைப்) பார்த்தேன். நான்கு விநாடி தாமதம், அவ்வளவுதான். ஒரு நாளைக்கு எண்பது அழைப்பு எடுக்கிறவரின் விரலை நம்பிக் கட்டிய பாதுகாப்பு அது. தப்பு அவருடையது இல்லை, எங்கள் வடிவமைப்புடையது. அந்த மெமோவைத் திரும்ப வாங்க வைக்க எனக்கு மூன்று வாரம் ஆனது.

பணம் கட்டும் பக்கம் திறந்ததும் ரெக்கார்டிங் தானாக நிற்கும்படி செய்யலாம் என்றார்கள். செய்யலாம்தான். ஆனால் நம்பர் ஏஜென்ட் காதில் விழத்தான் போகிறது. ஹெட்செட், கம்ப்யூட்டர், நெட்வொர்க் எல்லாமே ஆடிட் வரம்புக்குள் நிற்கும். வாடிக்கையாளரை ஐவிஆருக்கு, அதாவது 'ஒன்றை அழுத்தவும்' என்று பேசும் தானியங்கிக் குரலுக்கு, தள்ளிவிடலாம் என்றும் யோசித்தோம். நடுவில் ஒரு இலக்கம் தவறினால் வயதானவர்கள் பதறி வைத்துவிடுவார்கள், உதவ ஆள் இருக்காது.

கடைசியில் டிடிஎம்எஃப் மாஸ்கிங் எடுத்தோம், அதாவது போன் பட்டன்கள் எழுப்பும் ஒலியை மறைப்பது. வாடிக்கையாளர் தன் போன் கீபேடில் நம்பரை அழுத்துவார். ஏஜென்ட் லைனிலேயே இருந்து பேசுவார், ஆனால் எந்த இலக்கத்துக்கும் ஒரே மாதிரி 'பீப்' மட்டும் கேட்கும், திரையில் நட்சத்திரக் குறிகள் விழும். எங்கள் எஸ்ஐபி டிரங்க் (அழைப்புகளை டேட்டாவாகக் கொண்டுவரும் போன் இணைப்பு) லண்டனில் முடிந்து, அங்கிருந்துதான் குரல் பெங்களூருக்கு வருகிறது. அதனால் இலக்கங்களை உருவி எடுக்கும் பெட்டியை லண்டன் முனையிலேயே வைத்தோம். அங்கிருந்து நம்பர் நேரே பணத்தை வசூலிக்கும் பேமென்ட் கேட்வேக்குப் போகும். எங்களுக்கு வருவது டோக்கனும் (கார்டு நம்பருக்குப் பதிலாகத் தரும் மாற்றுக் குறியீடு) கடைசி நான்கு இலக்கமும்தான். எந்த அழைப்பு எந்தத் திரைக்கு உரியது என்று பெட்டிக்குத் தெரிய, திரையில் வரும் நான்கு இலக்கக் குறியீட்டை ஏஜென்ட் அழைப்பு வந்த போனிலேயே அழுத்த வேண்டும்.

டெஸ்ட் ஒரு வாரம் சுத்தமாக ஓடியது. பைலட்டில், அதாவது உண்மையான அழைப்புகளில் ஓட்டிப் பார்த்தபோது, முதல் நாளே கார்டுகள் வரிசையாகத் தோற்றன. நெட்வொர்க்கில் ஓடும் டேட்டாவைக் காட்டும் ஒயர்ஷார்க் மென்பொருளில் பேக்கெட்டுகளைப் பிரித்துப் பார்த்தேன். ஒரு கேரியர் (போன் கம்பெனி) வழியாக வந்த அழைப்புகளில் இலக்கம் தனி சிக்னலாகவும் வந்தது, அதே ஒலி குரலோடும் கலந்து வந்தது. 5-ஐ அழுத்தினால் 770, 1336 ஹெர்ட்ஸ் இரண்டும் சேர்ந்து ஒலிக்கும். பெட்டி அதையும் கேட்டு, சிக்னலையும் படித்து, சில சமயம் இரண்டு 5 என்று எழுதிக்கொண்டது. டெஸ்டில் ஏன் மாட்டவில்லை? நாங்கள் அழுத்தியது 4111 1111 1111 1111. நடுவில் ஒரு 1 இரட்டித்தாலும் 16 இலக்கம் நிரம்பியதும் கட்டம் மூடிக்கொள்ளும், மிச்சம் விழுந்தது போய்விடும், நம்பர் சரியாகவே இருக்கும்! இந்த வேலையில் இறங்குகிறவர்கள் தயவுசெய்து இலக்கம் மாறி மாறி வரும் டெஸ்ட் நம்பர்களையும் போட்டுப் பாருங்கள்.

அந்தக் கேரியர் பாதையில் தனி சிக்னலை மட்டும் எண்ணச் சொன்னதும் இரட்டிப்பு நின்றது. ஆனால் இன்னொன்று பாக்கி. ஒலியை அடையாளம் கண்ட பிறகுதான் பெட்டி அதை அடைக்கும். அதற்குள் ஒரு துணுக்கு கசிந்து ரெக்கார்டிங்கில் பதிந்துவிடுகிறது. மனிதக் காதுக்கு அது வெறும் 'டிக்'. ஆனால் மென்பொருளாலும் அதிலிருந்து இலக்கத்தைக் கண்டுபிடிக்க முடியாது என்று சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை. குரலை ஒரு கண்ணிமைப்பு நேரம் தாமதித்து அனுப்பினோம். அடைத்த பிறகே வெளியே போகும். பேச்சில் வித்தியாசம் யாருக்கும் தெரியவில்லை.

இவ்வளவும் செய்த பிறகும் சிலர் அழுத்திக்கொண்டே வாய்விட்டுப் படிக்கிறார்கள். அதை எந்தப் பெட்டியும் தடுக்காது. "தயவுசெய்து சத்தமாகச் சொல்ல வேண்டாம், அழுத்தினால் போதும்" என்ற வரியை முன்கூட்டியே சொல்ல வேண்டும், மீறிச் சொல்லிவிட்டால் உடனே தகவல் கொடுத்து அந்த ரெக்கார்டிங்கை அழிக்க வேண்டும் என்று நடைமுறை எழுதினோம். அந்த வரியை எங்கே சேர்த்தால் வாடிக்கையாளருக்கு உறுத்தாது என்று சொல்லிக் கொடுத்தது அந்த அக்காதான்.

மறு ஆடிட்டில் ரெக்கார்டிங், ஏஜென்ட் கம்ப்யூட்டர், எங்கள் நெட்வொர்க் மூன்றிலும் கார்டு நம்பர் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். வாசல் சோதனையைத் தளர்த்தும்படி எழுதிக் கேட்டிருக்கிறேன்; இப்போதைக்குப் பேனாவும் நோட்டும் மேசைக்கு வந்துவிட்டன. எஃப்9-க்கு இப்போது வேலை இல்லை. அதில் வேறு ஷார்ட்கட் வைக்கலாமா என்று அக்காவிடம் கேட்டேன். "ஒரு மாசம் போகட்டும் தம்பி. கார்டுன்னு காதுல விழுந்தாலே விரல் இன்னும் அங்கதான் போகுது" என்றார். சும்மா விட்டுவைத்திருக்கிறேன்.