பெயிண்ட் அடிக்காத புல்லட்

2025 ஜூன் 8, ஞாயிறு

வண்டி வந்து இறங்கிவிட்டது. ஆனைமலைப் பக்கம் ஒரு தோப்பு வீட்டிலிருந்து குட்டி யானையில் ஏற்றி, கோவை கணபதியில் எங்கள் வீட்டுப் பின்புறத் தகரக் கொட்டகைக்குள் தள்ளியாயிற்று. 1974 மாடல் 350 சிசி புல்லட். ஓட்டியவர் பள்ளி ஆசிரியர். அவர் காலமான பிறகு மாட்டுக் கொட்டகை ஓரம் தார்ப்பாய்க்கு அடியில் பல வருஷம் நின்றிருக்கிறது.

மகன் சாவியோடு ஒரு தகர டப்பாவையும் கொடுத்தார். உள்ளே கழற்றிப் போட்ட பாயிண்ட்ஸ் (பிளக்கில் பொறி விழும் நேரத்தைத் தீர்மானிக்கும் தொடுமுனைகள்), கார்புரேட்டர் ஜெட்டுகள், தேய்ந்த பிளக்குகள், எல்லாம் துணியில் சுற்றி. கழற்றியதைக்கூட எறியாமல் வைத்திருந்த மனிதர் எண்ணெய் மாற்றாமல் ஓட்டியிருக்க மாட்டார். அந்த டப்பாவைப் பார்த்ததும் மகன் சொன்ன விலைக்கே சரி என்றேன்.

"எங்கய்யா வண்டிங்க. நல்லா பெயிண்ட் அடிச்சு பளபளன்னு ஆக்கிருங்க" என்றார். அப்போது பதில் சொல்லவில்லை.

இன்று ஒரு போல்ட்டையும் தொடவில்லை. எல்லாப் பக்கமும் படம் எடுத்தேன். பிளக்கைக் கழற்றி உள்ளே டீசலும் எண்ணெயும் கலந்து கொஞ்சம் ஊற்றிவிட்டு, கீழே வடிகால் போல்ட்டுகளைத் திறந்துவைத்தேன். இந்த எஞ்சினில் எண்ணெய்க்குத் தனி டேங்க் கிடையாது. கிராங்க் சுழலும் அடிப்பெட்டியான கிராங்க் கேஸின் பின்பாதியில், அதே வார்ப்புக்குள் ஓர் அறை. கொள்ளளவு சுமார் 2.25 லிட்டர். வண்டி நெடுநாள் நின்றால் எண்ணெய் பம்பின் வழியே கசிந்து கிராங்க் சுழலும் பக்கத்துக்கு இறங்கிவிடும். அப்படியே உதைத்துக் கிளப்பினால் வெள்ளைப் புகையும், மூச்சுக்குழாய் வழியே எண்ணெய்யும்தான் வரும். வாங்கிய ஆசையில் உடனே கிக்கரை உதைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பதைக்கும்.

2025 ஜூன் 15, ஞாயிறு

பெட்ரோல் டேங்கைக் கழுவினேன். குளியல் ஷாம்பு கலந்த தண்ணீர், பழைய வேட்டித் துணி, அவ்வளவுதான். ரப்பிங் காம்பவுண்ட் தொடவே கூடாது. கறுப்பு பளிச்சென்று வரும், அதன்மேல் இருக்கும் தங்கக் கோடு காணாமல் போய்விடும்.

அந்தக் கோடு கையால் இழுத்தது. திருவொற்றியூர் தொழிற்சாலையில் நீளமான மயிர்த் தூரிகையைப் பிடித்து, விளிம்பை ஒட்டி விரலை ஓடவிட்டு ஒரே இழுப்பில் போட்டிருக்கிறார்கள். கிட்டத்தில் பார்த்தால் தூரிகை தொட்ட இடம் ஒரு நூல் தடிமனாக இருக்கிறது. வளைவில் லேசாக மெலிகிறது. தொடக்கமும் முடிவும் சேரும் இடம் சீட்டுக்கு அடியில் மறைந்திருக்கிறது. டேங்கின் இரண்டு பக்கமும் முட்டி உரசிய இடத்தில் கறுப்பு மங்கி அடிப்பூச்சு தெரிகிறது.

மச்சான் வந்திருந்தார். "சாண்ட் பிளாஸ்டிங் குடுத்து, பவுடர் கோட்டிங் பண்ணிட்டா ரெண்டே நாள்ல புது வண்டி மாப்ள" என்றார். கோவில் தூண்களை மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்கிறோம் என்று கல்வெட்டு எழுத்தையே தேய்த்துவிட்ட கதை நமக்குத் தெரியாததா? இரண்டும் ஒன்றுதான். தேய்ந்துபோன எஞ்சின் பாகத்தை மாற்றலாம். அது தேய்வதற்கென்றே இருப்பது. ஒருவர் கையால் போட்ட கோட்டை அழித்துவிட்டு ஸ்டிக்கர் ஒட்டினால், அதற்குப் பிறகு எத்தனை லட்சம் கொடுத்தாலும் அது திரும்பாது. டேங்க், மட்கார்டு, பக்கப் பெட்டி மூன்றிலும் பெயிண்ட் வேலை கிடையாது. துரு பரவும் இடத்தில் மட்டும் சுரண்டி, மெழுகு பூசி நிறுத்துவேன்.

2025 ஜூன் 22, ஞாயிறு

எஞ்சினின் மேல்பாகம் கழற்றியாயிற்று. ஸ்பேனரைப் பற்றி எழுத வேண்டும், ஏனென்றால் பழைய புல்லட்டுகள் அதிகம் சேதப்படுவது இங்கேதான்.

இந்த வண்டியின் வரைபடம் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரில் இருந்த ராயல் என்ஃபீல்டு ஆலையில் பிறந்தது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவானது. முதலில் அங்கிருந்து வந்த பாகங்களை இங்கே பூட்டினார்கள். 1962 வாக்கில் எல்லாப் பாகமும் இங்கேயே தயாராகின. 1967-ல் ரெட்டிச் ஆலை மூடப்பட்டது. என் வண்டி பிறந்தபோது தாய் ஆலையே இல்லை. ஆனால் மரைகள் எல்லாம் விட்வொர்த், சைக்கிள் என்ற பழைய பிரிட்டிஷ் அளவு மரைகள். விட்வொர்த் ஸ்பேனரில் கால் அங்குலம் என்று எழுதியிருந்தால் அது போல்ட்டின் தண்டு அளவு. நட்டின் அகலம் 13.3 மில்லிமீட்டர். நம்மிடம் இருக்கும் 13-ஆம் நம்பர் உள்ளே போகாது. 14 போகும், ஆனால் ஆடும். அந்த ஆட்டத்தில்தான் மூலைகள் உருண்டு, பிறகு உளி, சுத்தியல், வெல்டிங் என்று கதை நீளும். ஆசிரியரின் வண்டியில் ஒரு நட்டுகூட உருளவில்லை. உக்கடம் பழைய சாமான் கடைகளில் தேடினால் விட்வொர்த் ஸ்பேனர் இன்னும் கிடைக்கும். முழு செட்டாகக் கிடைக்காது, ஒவ்வொன்றாகத்தான் சேர்க்க வேண்டும்.

சிலிண்டரைத் தூக்கியதும் முதலில் பார்த்தது பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடை. இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழும் அசைத்தேன். ஆட்டம் இல்லை. பக்கவாட்டில் அசைகிறது, அது இருக்க வேண்டியதுதான். இந்த எஞ்சினில் பிக் எண்டுக்கு, அதாவது ராட் கிராங்கோடு சேரும் முனைக்கு, ரோலர் பேரிங் கிடையாது, மிதக்கும் புஷ். எண்ணெய் சரியாகக் கிடைத்தால் மிக நீண்ட காலம் உழைக்கும். எண்ணெய் நின்றால் சீக்கிரம் போய்விடும். ஆசிரியர் எண்ணெய் விஷயத்தில் ஒழுங்கானவர் என்று அந்தத் தகர டப்பா சொன்னது சரியாகிவிட்டது. கீழ்ப்பாகத்தைப் பிரிக்கப் போவதில்லை. நன்றாக இருப்பதைத் திறந்து பார்ப்பது பழுது பார்ப்பதில் சேராது.

2025 ஜூலை 6, ஞாயிறு

சிலிண்டரில் மேல் விளிம்போரம் படி விழுந்திருக்கிறது. விரல் நகத்தில் இடறுகிறது. பிஸ்டன் தலையில் 20 என்று குத்தியிருக்கிறது, அதாவது அசல் அளவை விட 20 தவ் பெரியது (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அப்படியானால் ஏற்கெனவே ஒருமுறையாவது சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கும் போரிங் ஆகியிருக்கிறது, அடுத்தது 30. அதற்கு மேலும் ஒரு சைஸ் மிச்சம் இருக்கிறது.

நேற்று சிலிண்டரோடு லேத் பட்டறைக்குப் போனேன். அண்ணன் வாங்கிப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினார்.

"பிஸ்டன் எங்கீங்க?"

"30 சைஸ்தாங்கண்ணா. வாங்கிட்டு வந்திருக்கேன், வண்டில இருக்குது."

"அதக் கொண்டாங்க மொதல்ல. டப்பால போட்டிருக்கற நம்பரப் பாத்து நா போர் பண்றதில்லீங்க. பிஸ்டன அளந்துதான் பண்ணுவேன்."

இந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவரைத் தேடிப் போகிறேன். பிஸ்டன் உருளை மாதிரி தெரிந்தாலும் உருளை இல்லை. தலைப்பக்கம் சிறுத்து, பாவாடைப் பக்கம் அகன்று, ராடோடு இணைக்கும் பிஸ்டன் பின் போகும் திசையில் கொஞ்சம் ஒடுங்கி முட்டை வடிவாக இருக்கும். அதனால் கீழ்ப்பகுதியில், பின்னுக்குக் குறுக்காக மைக்ரோமீட்டர் வைத்து அளக்க வேண்டும். 30 என்று அச்சடித்த இரண்டு பிஸ்டன்கள் இரண்டு அளவில் வருவதை நானே பார்த்திருக்கிறேன். வார்ப்பிரும்பு சிலிண்டரில் இடைவெளி குறைந்தால் சூட்டில் பிடித்துக்கொள்ளும். கூடினால் கடகடவென்று தட்டும்.

போர் முடிந்து, சாணைக் கல்லால் உட்சுவரைத் தேய்க்கும் ஹோனிங் செய்யும்போது பக்கத்திலேயே நின்றேன். சுவரில் குறுக்குமறுக்காகக் கோடுகள் விழ வேண்டும். எண்ணெய் தங்குவது அந்தக் கோடுகளில்தான். கண்ணாடி மாதிரி வழுவழுப்பாக்கிக் கொடுத்தால் ரிங் உட்காராது. வார்ப்பிரும்பில் இருக்கும் கிராஃபைட் துகள்களும் எண்ணெய்க்குத் துணை செய்யும். அலுமினியத்தை விடச் சூட்டை மெதுவாகக் கடத்துவது இதன் குறை. அதனால்தான் இந்த எஞ்சினை நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக விரட்டக் கூடாது.

வீட்டில் ரிங்கை சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, ரிங்கின் இரு முனைகளுக்கும் நடுவே உள்ள வாயிடைவெளியை ஃபீலர் கேஜில் பார்த்தேன். போர் அளவில் ஓர் அங்குலத்துக்கு நாலு தவ் என்பது பழைய கணக்கு. 70 மில்லி போருக்குப் பதினொரு தவ் வருகிறது. அதற்குக் குறையவில்லை.

2025 ஜூலை 20, ஞாயிறு

வால்வு கிரைண்டிங். பேஸ்ட் தடவி உள்ளங்கைகளுக்கு நடுவே குச்சியைச் சுழற்றும் வேலை, அவசரத்துக்குப் பணியாது. வால்வு அமரும் சீட்டில் ஒரே அகலத்தில் சாம்பல் வளையம் வந்த பிறகு, பிளக்கைப் பூட்டி ஹெட்டைக் கவிழ்த்து, எரியறைக்குள் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்தேன். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தேன், வால்வுக்கு அப்பால் போர்ட் பக்கம் ஈரமில்லை. எக்ஸாஸ்ட் வால்வின் கைடு மட்டும் புதிது.

2025 ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிக் காற்று தகரத்தைப் பிய்த்துக்கொண்டு போகிறது. டேங்கின் உள்துரு இன்று. வெளியே முழுக்கப் பாலித்தீன் சுற்றி டேப் ஒட்டினேன், கோட்டின்மேல் ஒரு சொட்டும் படாதபடி. வெந்நீரில் எலுமிச்சை உப்பைக் கரைத்து வாய் வரை நிரப்பி ஓர் இரவு வைத்தேன். வடித்தபோது காப்பி நிறத்தில் வந்தது. உடனே சோடா உப்புக் கரைசல், பிறகு நல்ல தண்ணீர், பிறகு ஹேர் டிரையர், கடைசியாக டூ ஸ்ட்ரோக் எண்ணெய் விட்டு நாலா பக்கமும் சுழற்றல். இடையில் நிறுத்தினால் கண் முன்னாலேயே மறுபடி துரு ஏறும்.

பெட்ரோலைத் திறந்து மூடும் டேப்பின் கார்க்கை எடுத்துவிட்டேன். இப்போது பெட்ரோல் பங்குகளில் வருவது 20 சதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை ஊறவைத்து இளக்கும். கார்க்குக்குப் பதில் ‘விட்டான்’ (Viton) என்ற செயற்கை ரப்பர் வாஷர், புது ஹோஸ். வண்டி இரண்டு வாரத்துக்கு மேல் நிற்கப் போகிறது என்றால் டேப்பை மூடிவிட்டு, எஞ்சின் தானே அணையும் வரை ஓடவிட்டு, கார்புரேட்டரைக் காலி செய்து நிறுத்த வேண்டும். பின்னாளில் யாரோ மாட்டிய 24 மில்லி மிக்கார்ப் கார்புரேட்டர்தான் இருக்கிறது. நன்றாக வேலை செய்கிறது, அதுவும் இந்த வண்டியின் சரித்திரம்தான், இருக்கட்டும்.

2025 ஆகஸ்ட் 31, ஞாயிறு

எஞ்சின் பூட்டியாயிற்று. வயரிங்கும் முடிந்தது, 6 வோல்ட்டாகவே. 12 வோல்ட்டுக்கு மாற்றச் சொல்லாத ஆள் இல்லை. ராத்திரியில் நெடுந்தூரம் ஓட்டுகிறவருக்கு அது நியாயமான யோசனை; எனக்குத் தேவையில்லை. எர்த் முனைகளைச் சுரண்டிப் பளிச்சென்று ஆக்கினாலே 6 வோல்ட் விளக்கு பாதி வெளிச்சம் கூடுதலாகத் தரும்.

பொறி விழும் டைமிங்: பொறியை முன்கூட்டித் தள்ளும் அட்வான்ஸ் முழுக்கப் பின்வாங்கிய நிலையில், பிஸ்டன் மேல் எல்லைக்கு 0.8 மில்லிமீட்டர் முன்னால் பாயிண்ட்ஸ் திறக்க வேண்டும். பிளக் துளையில் அளவுக் குச்சி, பாயிண்ட்ஸுக்கு நடுவில் சிகரெட் தாள். தாளை இலேசாக இழுத்துக்கொண்டே கிராங்கை நகர்த்தினால், விடுபடும் கணம்தான் கணக்கு. வால்வுகளைத் திறக்கத் தள்ளும் புஷ்ராடுகளை எஞ்சின் ஆறிய நிலையில், கம்ப்ரஷன் உச்சியில் வைத்து, விரலால் சுழலும்படி, மேலும் கீழும் ஆடாதபடி வைத்தேன்.

2025 செப்டம்பர் 7, ஞாயிறு

ஓடுகிறது!

ஸ்விட்சைப் போட்டு, ஆம்ப்மீட்டர் முள் இடப்பக்கம் சாய்வதைப் பார்த்து, கிக்கரை மெதுவாக அழுத்தி, முள் நடுவுக்கு வந்ததும் நிறுத்தி, சிலிண்டரின் அழுத்தத்தை விடுவிக்கும் டீகம்ப்ரஸரை இழுத்து ஒரு சின்ன நகர்வு, பிறகு கிக்கரை மேலே விட்டு முழு உதை. பலத்துக்கு இதில் வேலையே இல்லை. பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து நின்று உதைத்தாலும் கிளம்பும்.

பிடித்த உடனே செய்தது, ஹெட்டில் வால்வுகளை அழுத்தும் ராக்கருக்குப் போகும் எண்ணெய்க் குழாயின் பாஞ்சோ போல்ட்டை (உள்ளே துளையிட்ட போல்ட்) அரைச் சுற்றுத் தளர்த்திப் பார்த்தது. எண்ணெய் கசிந்து வந்தது. அதன் பிறகுதான் சத்தத்தையே காதில் வாங்கினேன். அந்த நிதானமான தடக், தடக். 90 மில்லி ஸ்ட்ரோக், கனத்த பிளைவீல். ஒவ்வொரு வெடிப்பையும் தனித்தனியாக எண்ணலாம் போல இருந்தது. மச்சான் காம்பவுண்டு சுவரில் ஏறி உட்கார்ந்துகொண்டு ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

2025 அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. கொட்டகையைக் கழுவி, விட்வொர்த் ஸ்பேனர்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தோம்.

ஆர்சி வேலையும் முடிந்தது. உரிமையாளர் இறந்துவிட்டால் முதலில் வாரிசு பெயருக்குப் படிவம் 31-ல் மாற்ற வேண்டும். பிறகுதான் 29, 30 கொடுத்து நம் பெயருக்கு வரும். பதிவைப் புதுப்பிக்கப் படிவம் 25, கூடவே வண்டியைக் காட்ட வேண்டும். 50 வயது தாண்டிய வண்டிக்கு 2021-ல் வந்த விண்டேஜ் பதிவும் உண்டு. 20,000 ரூபாய் கட்டணம், எண்ணில் விஏ என்ற எழுத்துகள். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி மாதிரியான காரியங்களுக்குத்தான் சாலையில் எடுக்கலாம், அன்றாடம் ஓட்டக் கூடாது. எனக்கு இது ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போக வேண்டும். பழைய எண்ணிலேயே புதுப்பித்துவிட்டேன்.

2025 நவம்பர் 2, ஞாயிறு

போரிங்குக்குப் பிறகு 500 கிலோமீட்டர் தாண்டியது. சிறுவாணி சாலையிலும் ஆனைகட்டிப் பக்கமும், ஒரே வேகத்தில் போகாமல், வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டியது. எண்ணெய் மாற்றினேன். வடிந்ததைத் துணியில் ஊற்றி வெயிலில் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் நைசான பொடி கொஞ்சம் இருந்தது. ரிங் உட்காரும்போது இது வரும். வெண்கல மினுமினுப்பு இருந்தால்தான் கவலை, அது இல்லை. டைமிங் கவரில் இருக்கும் ஃபில்டரையும் மாற்றி, அந்த அறையை எண்ணெயால் நிரப்பிவிட்டே மூடினேன். காலியாக மூடினால் அது நிரம்பும் வரை பிக் எண்டு காய்ந்துகொண்டு ஓடும்.

எஞ்சின் ஆறிய பிறகு ஹெட் நட்டுகளைக் குறுக்குமறுக்காக இறுக்கினேன். எல்லாமே கொஞ்சம் வாங்கிக்கொண்டன. ஹெட் அமர்ந்தால் புஷ்ராடு இடைவெளி மாறும், அதனால் அதையும் மறுபடி பார்த்தாயிற்று. எக்ஸாஸ்ட் புஷ்ராடு மட்டும் இறுகியிருந்தது, தளர்த்திவிட்டேன். பாயிண்ட்ஸ் இடைவெளி 0.38 மில்லிமீட்டரில் நிற்கிறது.

ஆசிரியரின் மகன் போனில் படம் கேட்டார். அனுப்பினேன். "பெயிண்ட் அடிக்கலீங்களா?" என்று வந்தது. முட்டி பட்ட இடத்தைக் கிட்டத்தில் எடுத்து இன்னொரு படம் அனுப்பினேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே கூப்பிட்டார். "அப்படியே இருக்கட்டுங்க. அம்மாகிட்ட காட்டணும், வர்ற ஞாயித்துக்கெழம கூட்டியாறேன்" என்றார்.

அதற்குள் எஞ்சினிலிருந்து கிளட்சுக்குப் போகும் பிரைமரி செயினை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். ஸ்லோவில் நிற்கும்போது இடப்பக்கம் லேசாக உரசும் சத்தம் வருகிறது. டென்ஷனரில் இன்னும் திருப்ப இடமிருக்கிறது என்று நினைக்கிறேன்.