பதில் கேட்டு வந்தவர்

நான் கரியர் கோச். கையில் ஒரு ஆஃபர் லெட்டரோடு, வேலை மாறலாமா என்று கேட்டு ஒருவர் வந்தார். அந்த செஷனில் ஒரு மணி நேரம் பேசியிருப்போம். எனக்குள் தங்கிப்போனது ஒரு கேள்வியும் ஒரு பதிலும்தான்.

“அப்போ வேண்டாம்னு சொல்றீங்களா, மேடம்?”

“நான் அப்படிச் சொல்லல. முடிவு உங்களோடதா இருக்கணும்.”

“சரி” என்றார். மீதி நேரத்தில் நோட்டீஸ் பீரியட் பற்றிக் கொஞ்சம் பேசினோம். நன்றி சொல்லிவிட்டுப் போனார், அடுத்த செஷன் புக் செய்யவில்லை.

கேள்வி கேட்டு அவரவரையே யோசிக்க வைக்கும் இந்தக் கோச்சிங் தொழிலில் இருக்கும் யாரிடம் கேட்டாலும் நான் சொன்னது சரி என்பார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனாலும் அந்தப் பதிலைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அவர் கதை வழக்கமானதுதான். மேலாளர் மாறினார், புதியவரோடு ஒத்துப்போகவில்லை, வெளியே தேடினார், ஒரு சின்ன நிறுவனத்தில் கிடைத்தது. ஆஃபர் லெட்டரை முன்கூட்டியே எனக்கு அனுப்பியிருந்தார். கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டிய கெடு நெருங்கியிருந்தது. பதவிப் பெயர் பெரிது, முதல் பக்கத்தில் போட்டிருந்த ஆண்டுச் சம்பளமும் பெரிது. உள்ளே போனால், அதில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ‘வேரியபிள்’, அதாவது உறுதியில்லாத, கூடிக் குறையும் பகுதி. அதன் கீழே ஒரு வரி: இந்தத் தொகையை மாற்றவோ நிறுத்தவோ நிறுவனத்துக்கு முழு உரிமை உண்டு. இன்னொரு பக்கத்தில், தகுதிகாண் காலத்தில் அவர் விலகினால் ஒரு மாத நோட்டீஸ், அவர்கள் விலக்கினால் ஒரு வாரம் என்று இருந்தது.

“இந்த லெட்டர்ல உங்களுக்கு ஏதாவது உறுத்துதா?” என்று கேட்டேன். “இல்லையே, நல்ல சம்பளம்தானே” என்றார். அந்த இரண்டு இடத்தையும் வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். திரையில் அவர் பார்வை கீழே இறங்கியது. தன்னிடம் இருந்த பிடிஎஃப்பில் அந்த வரியைத் தேடுகிறார் என்று புரிந்தது. கண்டுபிடித்து, உதடு அசையப் படித்து முடித்த பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

ஏன் பதில் சொல்லவில்லை? அவரை எனக்கு அந்த ஒரு மணி நேரம்தான் தெரியும். அவருக்கு எவ்வளவு கடன் இருக்கிறது, அவரை நம்பி எத்தனை பேர் இருக்கிறார்கள், பழைய இடத்தில் இன்னும் எத்தனை மாதம் தாக்குப்பிடிப்பார் என்பதெல்லாம் தெரியாது. அந்தச் சின்ன நிறுவனம் நாளைக்கு நன்றாக வளரவும் கூடும். நான் “வேண்டாம்” என்று சொல்லி, அவர் தங்கிவிட்டு, பழைய நிறுவனமே ஆட்களைக் குறைத்தால் வேலை போவது அவருக்குத்தான், எனக்கு இல்லை. இழப்பைச் சுமக்காதவர் முடிவைச் சொல்லக்கூடாது என்பதை நான் மனதார நம்புகிறேன்.

தொழில் நெறியும் என் பக்கம்தான். 1995ல் தொடங்கிய சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பு, ஒரு கோச்சுக்கு இருக்க வேண்டிய திறன்களை வரையறுத்து வைத்திருக்கிறது. கவனித்ததையும் தோன்றியதையும் பகிரலாம், ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கக்கூடாது என்பது அதில் ஒன்று. கவனித்தேன், பகிர்ந்தேன், பிடித்துக்கொள்ளவில்லை. அந்தக் கணக்கில் குறை எதுவும் இல்லை.

ஆனால் அவர் வந்தது கோச்சிங் தேடி இல்லையே. தொடக்கத்திலேயே சொல்லியிருந்தார்: வேலை மாறலாமா என்று யாரிடம் ஆலோசனை கேட்பது என்று இணையத்தில் தேடியிருக்கிறார், என் ப்ரொஃபைல் வந்திருக்கிறது. அப்படித் தேடுபவர் முன்னால் எல்லாரும் ஒரே வரிசையில் நிற்கிறோம். கேள்வி கேட்டு யோசிக்க வைக்கும் கோச், அதே துறையில் இருந்து அனுபவம் சொல்லும் மென்டர், திறனும் ஆர்வமும் அளந்து சொல்லும் வழிகாட்டல் ஆலோசகர், ரெஸ்யூமே எழுதித் தருபவர், நிறுவனத்திடம் கமிஷன் வாங்கும் ரெக்ரூட்டர். செய்வது ஐந்து வெவ்வேறு வேலை. தலைப்பில் எல்லாருக்கும் ‘கரியர்’ என்ற சொல், பக்கத்தில் ஒரு சிரித்த முகம், நட்சத்திரங்கள். பணம் கட்டி உட்கார்ந்த பிறகுதான் எதிரில் இருப்பவர் பதில் சொல்பவரா, கேள்வி கேட்பவரா என்று தெரியவருகிறது.

அவர் ஒரு இடத்தில் சிரித்துக்கொண்டே சொன்னார்: “டாக்டர்கிட்ட ரிப்போர்ட்டைக் காட்டினா, ‘உங்களுக்கு என்ன தோணுது’ன்னா கேப்பாரு?” நானும் சிரித்தேன். பிறகு யோசித்தால், அதில் நியாயம் இருக்கிறது.

என் ப்ரொஃபைலிலும் ‘ஆலோசனை’ என்ற சொல் இருக்கிறது. அதைப் போடாவிட்டால் தேடுபவர் கண்ணில் படவே மாட்டேன். அது பொய்யும் இல்லை. ரெஸ்யூமேயில் எதை வெட்ட வேண்டும், நேர்காணலில் சம்பளப் பேச்சை எப்போது எடுக்க வேண்டும் என்பதையெல்லாம் நேரடியாகத்தான் சொல்கிறேன். போவதா இருப்பதா என்பதை மட்டும்தான் சொல்வதில்லை. என்ன செய்ய, வருகிறவர்களுக்கு வேண்டியதும் பெரும்பாலும் அது மட்டும்தான்.

சான்றிதழைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். பெரும்பாலான நாடுகளில் கோச் என்று போட்டுக்கொள்ள எந்த உரிமமும் தேவையில்லை என்பதால் அது பயனுள்ள யோசனைதான். மேலே சொன்ன கூட்டமைப்பின் ஆரம்பநிலைச் சான்றிதழான ஏ.சி.சி.க்கு 60 மணி நேரப் பயிற்சியும் 100 மணி நேர கோச்சிங் அனுபவமும் வேண்டும். அடுத்ததான பி.சி.சி.க்கு 125, 500. உச்சத்தில் இருக்கும் எம்.சி.சி.க்கு 200, 2,500. இத்தனை மணி நேரமும் அளப்பது ஒருவர் எப்படிக் கேட்கிறார், எப்படிக் கேள்வி எழுப்புகிறார் என்பதைத்தான். ஆஃபர் லெட்டரில் வேரியபிள் எங்கே ஒளிந்திருக்கும் என்று அவருக்குத் தெரியுமா என்பதை அளப்பதில்லை. அது தெரிந்தவர், மனிதவளத் துறையில் காலம் கழித்தவராகவும் சான்றிதழ் இல்லாதவராகவும் இருக்கலாம். வெளியிலிருந்து தேடுபவருக்கு இந்த வித்தியாசத்தை யார் சொல்வது?

நட்சத்திரமும் உதவாது. அவர் எனக்கு ஐந்தும் கொடுத்திருந்தார். ‘பொறுமையாகக் கேட்டார்’ என்று ஒரு குறிப்பு. படித்ததும் எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. அடுத்து வருபவர் அதைப் பார்த்து என்ன தெரிந்துகொள்வார்?

இந்தத் தொழிலின் தொடக்கத்தை நினைத்தால் குழப்பம் கூடுகிறது. 1908ல் பாஸ்டனில் ஃபிராங்க் பார்சன்ஸ் என்பவர், வேலைக்குப் போகும் வயதில் இருந்த இளைஞர்களுக்காக ஒரு வழிகாட்டல் அலுவலகம் தொடங்கினார். அதே ஆண்டு இறந்தும் போனார். உன்னைத் தெரிந்துகொள், வேலைகளைத் தெரிந்துகொள், இரண்டையும் பொருத்தி யோசி என்ற மூன்று படிகள் அவருடையவை. வேலைகளைப் பற்றிய தகவலைச் சொல்லித்தர வேண்டியதும் வழிகாட்டியின் கடமை என்றுதான் அவர் முறை இருந்தது. நாங்கள் முதல் படியில் தேர்ந்துவிட்டோம். இரண்டாவதை வருகிறவர்கள் தலையில் விட்டுவிட்டோமோ என்று சில நாள் தோன்றுகிறது.

இன்னொரு பக்கம், தயங்காமல் பதில் சொல்பவர்களைப் பார்த்தால் என் தயக்கமே மேல் என்று படுகிறது. ‘எங்களிடம் சேர்ந்தால் வேலை உறுதி’ என்று எழுதிப் பெரிய தொகை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். வேலை தேடுபவரிடம் தனியார் வேலைவாய்ப்பு முகமைகள் கட்டணம் வாங்கக்கூடாது என்பது சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1997ஆம் ஆண்டு 181ஆவது உடன்படிக்கையின் பொதுவிதி. வேலை வாங்கித் தருவது வேறு, கோச்சிங் வேறு என்பதால் அது பொதுவாக எங்கள் தொழிலைக் கட்டுப்படுத்தாது. அந்த இடைவெளியில் புகுந்துகொண்டு, கோச்சிங் என்ற பெயரில் வேலையை விற்கிறார்கள். வேலை இழந்து, தூக்கம் இழந்து வருகிறவர்கள் இவர்களிடம் சேமிப்பைக் கொடுத்துவிட்டு நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு ஆற்றமாட்டாத கோபம் வருகிறது. உறுதியாகப் பேசுபவருக்குத்தான் கூட்டம். அவர்களைப் போல ஆகிவிடக்கூடாது என்ற எண்ணம் என் பதிலில் எவ்வளவு இருந்தது, நெறி எவ்வளவு இருந்தது என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குத் தெளிவு உண்டு. அவருக்கு மிகவும் தேவைப்பட்ட தகவல் என்னிடம் இல்லை. அந்த நிறுவனத்தில் போன வருடம் வேரியபிள் ஒழுங்காகக் கொடுத்தார்களா என்பது அங்கே வேலை பார்த்தவருக்குத்தான் தெரியும். “அங்க யாரையாவது தெரியுமா?” என்று கேட்டிருந்தேன். “நேரா யாரும் இல்ல” என்றார். நெருங்கியவர்களைவிட லேசாகப் பழகியவர்கள் வழியாகத்தான் வேலை பற்றிய புதுத் தகவல் அதிகம் வரும் என்று சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973லேயே எழுதினார். லிங்க்ட்இனில் 2 கோடிப் பேரின் தொடர்புகளை வைத்துச் செய்த ஆய்வு 2022ல் வெளியானது. வேலை மாற அதிகம் உதவியது மிக நெருங்கியவர்களும் இல்லை, மிகத் தொலைவில் இருப்பவர்களும் இல்லை, ஓரளவு பழகியவர்களே என்றது அது. இப்போதெல்லாம் யார் ஆஃபர் லெட்டரோடு வந்தாலும், அங்கிருந்து சமீபத்தில் விலகிய ஒருவரைத் தேடிப் பேசிவிட்டு வாருங்கள் என்றுதான் முதலில் சொல்கிறேன். அதற்குக் கட்டணம் இல்லை. என்னிடம் கட்டணம் கட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்.

இந்த விஷயத்தைச் சக கோச் ஒருவரிடம் சொன்னேன். “சரியாத்தான் பண்ணியிருக்கீங்க” என்றார். மனிதவளத் துறையில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு அண்ணனிடம் சொன்னபோது அவர் வேறு மாதிரிப் பார்த்தார். “நாலு பக்க லெட்டர்ல அந்த ரெண்டு வரியை மட்டும் எடுத்துப் படிச்சீங்கல்ல? அதுவே பதில்தாம்மா. சொல்லிட்டு, சொல்லலன்னு சொன்னா அந்தப் பையன் என்ன பண்ணுவான்?”

இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. அந்த லெட்டரில் மருத்துவக் காப்பீடு நன்றாக இருந்தது, விடுமுறை அதிகம். அதையெல்லாம் நான் படிக்கவில்லை. படித்திருந்தால் நடுநிலையாக இருந்திருக்குமா? இருக்காது. எல்லாவற்றையும் ஒரே குரலில் படித்து, அந்த இரண்டு வரியை மற்றவற்றோடு கரையவிட்டிருந்தால் அதைவிட மோசம்.

அவர் லிங்க்ட்இன் பக்கத்தில் இன்னும் பழைய நிறுவனம்தான் இருக்கிறது. போகவில்லையா, போய்விட்டு மாற்றாமல் வைத்திருக்கிறாரா, தெரியாது. கேட்டு ஒரு மெசேஜ் அனுப்பலாம் என்று எழுதினேன். நான் சொல்லாத முடிவின் பலனை நானே விசாரிப்பது போல இருந்ததால் அழித்துவிட்டேன்.

ப்ரொஃபைலில் ‘ஆலோசனை’யை எடுக்கவில்லை. அதன் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: ‘ஆவணங்களைப் படித்து எனக்குப் படுவதைச் சொல்வேன். வேலையை விடுவதா வேண்டாமா என்று சொல்லமாட்டேன்.’ அதைப் படித்துவிட்டும் புக் செய்கிறார்கள். முதல் பத்து நிமிடத்திலேயே, “சரி, உங்களுக்கு என்ன படுது, சொல்லுங்க” என்றுதான் கேட்கிறார்கள். படுவதைச் சொல்கிறேன். முன்பைவிடக் கொஞ்சம் அதிகமாகவே சொல்கிறேன். அது சரிதானா என்று ஒவ்வொரு முறையும் யோசனையாகத்தான் இருக்கிறது.