தமிழ் கமெண்ட் போட்ட நிரல்களை லேடெக்கில் அச்சேற்றிய கதை

நிரலுக்கு நிறம் பூசுவது, புத்தகப் பக்கங்களை அமைக்கும் மென்பொருளான லேடெக்கில் ஒரு வரி வேலை. மின்டெட் தொகுப்பைக் கூப்பிட்டு, நிரலை அதன் சூழலுக்குள் வைத்தால் முடிந்தது. அதற்குப் பிறகு பட்ட பாட்டைத்தான் இங்கே எழுதுகிறேன். தமிழில் கமெண்ட் (நிரலுக்குள் எழுதும் விளக்கக் குறிப்பு) எழுதிய நிரல்களோடு புத்தகம் போட நினைப்பவர் யாராவது இருந்தால், கோப்பைப் பதிப்பகத்துக்கு அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

என்னுடையது ஆரம்பநிலை மாணவர்களுக்கான பைத்தான் புத்தகம். நிரல் வழக்கம்போல ஆங்கிலத்தில், கமெண்ட் முழுக்கத் தமிழில். தமிழ் கமெண்ட் இல்லையென்றால் அந்தப் புத்தகத்துக்கு வேலையே இல்லை.

முதலில் லிஸ்டிங்ஸ் தொகுப்பில்தான் தொடங்கினேன். 1990களிலிருந்து இருக்கிறது, வெளியிலிருந்து எந்த நிரலையும் கூப்பிடாது, எந்தக் கணினியிலும் ஓடும். ஆங்கில நிரல்களுக்குப் பல வருடம் பயன்படுத்தியதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. தமிழ் கமெண்ட் வந்ததும்தான் வேடிக்கை ஆரம்பித்தது. ‘(மீதி)’ என்று அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்தேன். பிடிஎஃப்பில் ‘மீதி()’ என்று வந்தது. பார்ப்பவருக்கு அது ஏதோ ஒரு ஃபங்ஷன் மாதிரியே தெரியும். புதிதாகப் படிக்கிற பிள்ளை அதை அப்படியே தட்டச்சு செய்து பார்க்கும்.

காரணம் இதுதான்: லிஸ்டிங்ஸுக்கு 255 வரையிலான எழுத்தெண்கள்தான் தெரியும். அவற்றை ஒரு துண்டாகச் சேர்த்து வைத்துக்கொண்டு, துண்டு முடிந்ததும் அச்சிடும். தமிழ் எழுத்துகள் அந்தப் பட்டியலில் இல்லாததால் காத்திருக்காமல் நேரே பக்கத்துக்குப் போய்விடுகின்றன. அடைப்புக்குறிகள் இரண்டும் பின்னால் வந்து சேருகின்றன. லேடெக்கின் வகைகளான ஸீலேடெக், லுவாலேடெக் இரண்டிலும் இதே கதைதான். ஒவ்வொரு எழுத்தையும் லிட்ரேட் என்ற மாற்றுப் பட்டியலில் சேர்த்தால் சரியாகும் என்று சிலர் சொல்வார்கள். பிரெஞ்சு, ஜெர்மனுக்குச் சரியாகும். தமிழுக்கு அது ஒவ்வொரு குறியையும் தனிப் பெட்டியில் போட்டுவிடும். ‘கொ’ என்பது க ஒரு பக்கம், கொம்பும் காலும் புள்ளிவட்டத்தோடு இன்னொரு பக்கம் என்று சிதறிவிடும். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

சரி, மின்டெட். இதில் நிறம் பூசும் வேலையைச் செய்வது பிக்மென்ட்ஸ் என்ற பைத்தான் நிரல். கமெண்டை ஒரே துண்டாக எடுத்து, அதற்கொரு அடையாளம் போட்டுத் திருப்பித் தருவதால் உள்ளே இருக்கும் தமிழ் கலையாது. ‘(மீதி)’ ‘(மீதி)’யாகவே வந்தது. ஆனால் சில பக்கங்களில் கமெண்ட் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. நிரலுக்கு நான் வைத்திருந்த டேஜாவு சான்ஸ் மோனோ எழுத்துருவில் தமிழே கிடையாது. லுவாலேடெக்குக்கு மாறி, முதல் எழுத்துருவில் இல்லாததை நோட்டோ சான்ஸ் தமிழில் தேடு என்று ஃபால்பேக் கொடுத்தேன். எழுத்துகளைக் கோத்துத் தரும் ஹார்ஃப்பஸ் முறையையும் சேர்த்துக் கேட்க வேண்டும், இல்லையென்றால் கொம்பு இடம் மாறும். இன்னொன்று: டிரேஸிங்லாஸ்ட்கேர்ஸ் என்பதற்கு 3 என்று மதிப்புக் கொடுத்து வையுங்கள். எழுத்துருவில் இல்லாத எழுத்து ஒன்று வந்தாலும் பிழை காட்டி நிறுத்தும். கொடுக்காவிட்டால் லாக் கோப்பில் ஒரு வரி எழுதிவிட்டுச் சும்மா போய்விடும்.

2024இல் வந்த மின்டெட் 3 இங்கே நிஜமாகவே பெரிய உதவி. பிக்மென்ட்ஸும் கூடவே வந்துவிடுகிறது, புதிய டெக் லைவில் (லேடெக்கும் அதன் தொகுப்புகளும் சேர்ந்து வரும் நிறுவல்) ஷெல் எஸ்கேப் கொடியும் (டெக் கோப்பு வெளி நிரல்களை ஓட்ட அனுமதிப்பது) தேவையில்லை. பிடிஎஃப் கண்ணில் ஒற்றிக்கொள்வது போல வந்தது. அனுப்பினேன்.

பிடிஎஃப் போதாது, மூலக் கோப்புகள் வேண்டும் என்றார்கள் பதிப்பகத்தில். பக்க அளவு, தலைப்பு எல்லாம் அவர்களுடைய வார்ப்புருவில்தான் வர வேண்டுமாம். நியாயம்தான், கொடுத்தேன். ஒரு வாரம் சத்தமில்லை. நானே கூப்பிட்டபோது, பக்க அமைப்பு பார்ப்பவர் சொன்னார்: “சார், எங்க சர்வர்ல ஷெல் எஸ்கேப் அலவ்ட் இல்ல. கலர் வேணும்னா புரோகிராம் எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்க.”

ஷெல் எஸ்கேப்பை அவர்கள் மூடி வைத்திருப்பதில் எனக்குப் புகார் இல்லை. அதைத் திறந்துவிட்டால் யாரோ அனுப்பும் டெக் கோப்பு அந்தக் கணினியில் எந்தக் கட்டளையையும் ஓட்டலாம். ஆனால் ஸ்கிரீன்ஷாட்? அச்சில் மங்கும், மின்னூலில் தேட முடியாது, ஒரு எழுத்துப்பிழை திருத்த மறுபடி படம் எடுக்க வேண்டும். முடியாது என்று சொல்லிவிட்டேன்.

உங்கள் டெக் லைவ் எந்த வருடம் என்று கேட்டேன். “லேட்டஸ்ட்தான் சார்.” இப்படிப் பதில் வந்தால் வாதாடாமல் லாக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். முதல் வரியிலேயே எழுதியிருக்கும். 2022. அப்படியென்றால் அங்கே இருப்பது பழைய மின்டெட் 2. மூன்றாம் பதிப்பு எழுதும் கேஷ் (நிறம் பூசிய நிரல்களின் சேமிப்பு) அதற்குப் புரியாது.

வழி இருக்கிறது. ஷெல் எஸ்கேப் இல்லாத இடத்துக்கு அனுப்பவென்றே மின்டெட் 2இல் ஒரு ஏற்பாடு உண்டு. நம் கணினியில் ஃபைனலைஸ்கேஷ் என்ற விருப்பத்தோடு ஒருமுறை ஓட்டினால், நிறம் பூசிய நிரல்கள் எல்லாம் ஒரு கோப்புறையில் சேரும். பிறகு அந்தச் சொல்லை எடுத்துவிட்டு ஃப்ரோஸன்கேஷ் என்று போட்டு, கோப்புறையோடு அனுப்பினால் போதும். அங்கே பைத்தானே தேவையில்லை. பழைய பதிப்புக்காக டெக் லைவைத் திரும்ப நிறுவவும் வேண்டாம், புதியதிலேயே மின்டெட்2 என்ற பெயரில் அது கூடவே வருகிறது.

ஆனால் மின்டெட்2க்குப் பிக்மென்ட்ஸைத் தனியாக நிறுவ வேண்டும். என் உபுண்டுவில் பிப் என்ற பைத்தான் நிறுவியைக் கொண்டு நிறுவப் போனால், இது இயங்குதளம் நிர்வகிக்கும் பைத்தான், கை வைக்காதே என்று ஒரு முழ நீளத்துக்குத் திட்டியது. மீறி நிறுவும் கொடியை இணையத்தில் எல்லோரும் சொல்வார்கள். அதைத் தொடாமல், உபுண்டுவின் சொந்த நிறுவியான ஏபிடி வழியாகப் பைத்தான்3 பிக்மென்ட்ஸ் தொகுப்பை நிறுவினேன். ஒரு நிமிட வேலை.

ஜிப்பை அனுப்பினேன். மறுநாள், ‘நிரல்கள் எதுவும் வரவில்லை’ என்று மெயில். என் கணினியில் அதே ஜிப் கச்சிதமாக ஓடுகிறது. கடைசியில் பார்த்தால், என் முதன்மைக் கோப்பின் பெயரை அவர்கள் புத்தகத்தின் ஐஎஸ்பிஎன் எண்ணாக மாற்றியிருந்தார்கள். அது அவர்களுடைய வழக்கமாம். மின்டெட் 2 கேஷ் கோப்புறைக்கு முதன்மைக் கோப்பின் பெயரை வைத்துத்தான் பெயர் சூட்டும். பெயர் மாறினால் இல்லாத கோப்புறையைத் தேடும். கேஷ்டிர் என்ற விருப்பத்தில் கோப்புறைக்கு நாமே ஒரு பெயர் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. பதிப்பகம் பெயர் மாற்றாது என்று நம்பாதீர்கள், கொடுத்துவிடுங்கள்.

முதல் புரூஃப் கறுப்பு வெள்ளையில் வந்தது. அச்சும் அப்படித்தான் என்பதை அப்போதுதான் சொன்னார்கள். பிக்மென்ட்ஸின் வழக்கமான ஸ்டைலில் கீவேர்ட் பச்சை, ஸ்ட்ரிங் சிவப்பு. திரையில் பளிச்சென்று பிரியும். சாம்பலில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அடர்த்தி. இத்தனை பாடும் எதற்கு என்று ஆகிவிட்டது. பிடபிள்யூ என்ற ஸ்டைல் இதற்கென்றே இருக்கிறது: கீவேர்டுக்குத் தடித்த எழுத்து, கமெண்டுக்கும் ஸ்ட்ரிங்குக்கும் சாய்வெழுத்து. அதற்கு மாறினேன். தமிழ் எழுத்துருவில் சாய்வு இல்லாததால் தமிழ் கமெண்ட் மட்டும் நிமிர்ந்தே நிற்கிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது. ஆங்கில நிரலுக்கு நடுவே தமிழ் வரி இருந்தால் அது கமெண்ட் என்று தனியாகச் சொல்லவா வேண்டும்? ஸ்டைலை மாற்றினால் கேஷையும் புதிதாக எடுக்க வேண்டும். எடுத்து அனுப்பினேன்.

பெரிய அடி இதற்கு அப்புறம்தான். இறுதிப் புரூஃபைச் சும்மா ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒப்புதல் கொடுக்க இருந்தேன். ‘காரணிப் பெருக்கம் காணுதல்’ என்ற தலைப்பின் கீழ் பகா எண் கண்டுபிடிக்கும் நிரல் இருந்தது. அடுத்த பக்கத்தில் வரிசைப்படுத்துதல் தலைப்பின் கீழ் காரணிப் பெருக்கம் காணும் நிரல். அதற்கடுத்ததும் அப்படியே. மூன்றாம் அத்தியாயத்திலிருந்து புத்தகத்தின் கடைசிவரை ஒவ்வொரு நிரலும் ஒரு இடம் பின்னால் தள்ளிப் போயிருந்தது. பத்திகளுக்கு நடுவே வரும் சின்ன நிரல் துண்டுகள்கூட.

எடிட்டர் இடப்பற்றாக்குறையால் மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு நிரலை நீக்கியிருந்தார். உறைந்த கேஷில் (அதுதான் ஃப்ரோஸன்கேஷ்) மின்டெட் 2 நிரலின் உள்ளடக்கத்தைப் பார்ப்பதே இல்லை. முதல் நிரலுக்கு முதல் கோப்பு, இரண்டாவதற்கு இரண்டாவது என்று எண்ணிக்கொண்டே போகும். நடுவில் ஒன்றை எடுத்தால் அதற்குப் பிறகு வருவது எல்லாமே தப்பு. பிழைச் செய்தி கிடையாது, எச்சரிக்கை கிடையாது. கடைசிக் கோப்பு ஒன்று மிஞ்சிக் கிடக்கும், அதையும் யாரும் கவனிக்க மாட்டார்கள். நிரலில் ஒரு எழுத்தைத் திருத்தினாலும் இதே கதிதான்: மூலத்தில் திருத்தம் இருக்கும், பக்கத்தில் பழையதே வரும்.

அவர்கள் பக்கத்தில் வேறு திருத்தங்களும் நடந்திருந்ததால் என் பழைய கோப்பு உதவாது. அவர்களுடைய மூலத்தைத் திரும்ப வாங்கி, அதிலிருந்து புதிதாகக் கேஷ் எடுத்து அனுப்பினேன். இனி நிரலில் ஏதாவது மாற்ற வேண்டுமென்றால் எனக்குச் சொல்லுங்கள், நீங்களே கை வைக்காதீர்கள் என்று மெயிலில் தடித்த எழுத்தில் எழுதினேன். “ஓகே சார்” என்று பதில் வந்தது. அதை நம்பாமல், அடுத்த புரூஃபில் ஒவ்வொரு நிரலையும் தலைப்போடு ஒப்பிட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தது.

நீங்கள் செய்வதானால் எடிட்டிங் முழுக்க முடியும்வரை கேஷை அனுப்பாதீர்கள். அதைவிட நல்லது, பிடிஎஃப் மட்டும் வாங்கிக்கொள்வார்களா, அச்சு எந்த நிறத்தில் என்ற இரண்டையும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுவிடுவது. பிடிஎஃப் போதும் என்றால் மேலே சொன்னதில் பாதிக்கு மேல் உங்களுக்குத் தேவையே இல்லை.