டாமர் வார்னிஷ் ஒருவழியாகத் தெளிந்துவிட்டது

டாமர் என்ற மரப்பிசினை டர்பன்டைனில் கரைத்து, எண்ணெய் ஓவியத்தின் மேல் பூசுகிற வார்னிஷ் இது. பாட்டிலைத் தூக்கிப் பார்த்தால் இளந்தேன் நிறம். பின்னால் இருக்கும் ஜன்னல் கம்பி பளிச்சென்று தெரிகிறது. இதற்காகப் பட்ட பாடெல்லாம் பிசினால் வந்ததில்லை, டர்பன்டைனால் வந்தது.

பெயிண்ட் கடையில் டர்பன்டைன் கேட்டால் பெரும்பாலும் மினரல் டர்பன்டைன்தான் தருவார்கள். பெட்ரோலியச் சரக்கு. எனாமலுக்குப் போதும், டாமரை முழுசாகக் கரைக்காது. பால் மாதிரி கலங்கி, அடியில் வெள்ளைச் சவ்வு தங்கிவிடும். கடைக்காரரைக் கேட்டால் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்கிறார். மூடியைத் திறந்து மோந்து பார்த்தாலே தெரியும். மண்ணெண்ணெய் வாடை அடித்தால் அப்படியே வைத்துவிட்டு வாருங்கள். நமக்கு வேண்டியது பைன் வாசனை அடிக்கும் கம் டர்பன்டைன். இமாசலம், உத்தராகண்ட் பக்கம் சீர் பைன் மரத்துப் பிசினைக் காய்ச்சி வடிப்பது. ஓவியப் பொருள் கடையில் சின்ன பாட்டிலே யானை விலை. வேறு வழியில்லை.

அளவு 100 கிராம் டாமருக்கு 200 மி.லி. மல் துணியில் மூட்டை கட்டி, ஜாடி வாயில் குச்சி வைத்துத் தொங்கவிட்டேன். மூட்டை அடியில் உட்காரவே கூடாது. உட்கார்ந்தால் பிசின் ஒட்டிக்கொண்டு கட்டியாகிவிடும். பாதி மூழ்கி நின்றால், கரைந்த பிசின் கனத்தில் நூல்நூலாகக் கீழே இறங்குகிறது. டார்ச் அடித்துப் பாருங்கள், நேரம் போவதே தெரியாது. மரப்பட்டை, மண், செத்த பூச்சி எல்லாம் துணியோடு நின்றுவிடும். கடைசிச் சொட்டுக்கு ஆசைப்பட்டுத் துணியைப் பிழிந்தால் அத்தனை அழுக்கும் உள்ளே.

சூடாக்கினால் சீக்கிரம் கரையும் என்பார்கள். டர்பன்டைன் ஆவி 35 டிகிரி வாக்கிலேயே பொறி பட்டால் தீப்பிடிக்கும். நம்ம ஊர் மே மாதமே அந்தச் சூடுதான், இதில் அடுப்பு வேறா?

மிச்சம் இருந்த லேசான மங்கல் டாமரின் சொந்த மெழுகு. ஆடாமல் வைத்திருந்து, தெளிந்ததை மட்டும் வேறு பாட்டிலுக்கு இறுத்தேன்.

இதற்கு நடுவில் நாட்டு மருந்துக் கடையில் வெள்ளைக் குங்கிலியமும் வாங்கி வந்தாயிற்று. மேற்குத் தொடர்ச்சி மலை மரத்துப் பிசின், டாமருக்குச் சொந்தக்காரன்தான். விலையும் குறைவு. தனி ஜாடியில் ஊறப்போட்டுப் பார்க்க வேண்டும். அப்புறம் தேன்மெழுகு சேர்த்து, பளபளப்பில்லாத வார்னிஷ் ஒன்று.

பூசவேண்டிய எண்ணெய் ஓவியம் நன்றாகக் காய வேண்டும், வரைந்து இன்னும் ஆறு மாதம் ஆகவில்லை. மழை ஈரத்தில் பூசினால் வெள்ளையாகப் பூத்துவிடும் என்பதால் எப்படியும் தை பிறக்கட்டும். அதற்குள் பழைய பலகை ஒன்றில், பாதிக்குப் பாதி டர்பன்டைன் கலந்து ஒரு கோட் போட்டுப் பார்க்கிறேன். முடி கொட்டாத இரண்டு இஞ்ச் தட்டைப் பிரஷ் எங்கே கிடைக்கிறது?